டிஸ்கவுண்ட் கொடுத்ததற்கு அபராதம்: ஹூண்டாய் டீலர்கள் வழக்கு எங்கே வென்றது, எங்கே சரிந்தது

கார் டீலர் ஒருவர் தன் கம்பெனியை எதிர்த்து வழக்குப் போடுவது இந்தியாவில் அபூர்வம். கார் அனுப்பும் டிஸ்பாட்ச் கம்பெனி கையில், வாரண்டி கிளெய்ம் கம்பெனி கையில், டீலர்ஷிப்புக்கு அடிப்படையான எல்.ஓ.ஐ. என்ற அனுமதிக் கடிதத்தின் புதுப்பிப்பும் கம்பெனி கையில் இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? அப்படியும் 2014-இல் இரண்டு டீலர் நிறுவனங்கள் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டின. எஃப்எக்ஸ் என்டர்பிரைஸ் சொல்யூஷன்ஸ் தொடுத்தது வழக்கு எண் 36. செயின்ட் ஆன்டனீஸ் கார்ஸ் தொடுத்தது வழக்கு எண் 82. இரண்டையும் சேர்த்து விசாரித்த ஆணையம் 2017 ஜூன் 14 அன்று ஹூண்டாய்க்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2018 செப்டம்பர் 19 அன்று தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்.சி.எல்.ஏ.டி. அந்த உத்தரவை முழுதாக ரத்து செய்தது.

கம்பெனியோடு தகராறில் இருக்கும் எந்த டீலரும் இந்த வழக்கின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் குறையை எந்த மன்றத்தில் சொல்வது, அங்கே எது ஆதாரமாக நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதில் இருக்கிறது.

புகாரின் அடிப்படை

டீலர் என்பவர் கம்பெனியின் ஏஜென்ட் இல்லை. காரைத் தன் பணத்தில், பெரும்பாலும் வங்கியின் இன்வென்டரி ஃபண்டிங்கில், விலைக்கு வாங்குகிறார். இன்வாய்ஸ் போட்டதும் அது அவர் சரக்கு. விற்காமல் நின்றால் வட்டி கட்டுவது அவர். அப்படி இருக்க, அந்தக் காரை எவ்வளவு குறைத்து விற்கலாம் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கலாமா? வழக்கின் மையக் கேள்வி இதுதான்.

போட்டிச் சட்டம் 2002-இன் பிரிவு 3(4) இதற்குப் 'மறுவிற்பனை விலையைப் பிடித்துவைத்தல்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது தன்னளவிலேயே குற்றமாகிவிடாது. போட்டிக்குக் கணிசமான பாதகம் விளைகிறது என்பதையும் காட்ட வேண்டும். புதியவர்கள் நுழையத் தடையா, இருக்கும் போட்டியாளர்கள் வெளியேற்றப்படுகிறார்களா, நுகர்வோருக்கு நன்மையா தீமையா என்று பிரிவு 19(3) அடுக்கும் அளவுகோல்களால்தான் அது எடைபோடப்படும். 'கம்பெனி எங்களை நசுக்குகிறது' என்று எழுதிய புகார் ஆணையத்தில் முதல் கட்டத்திலேயே விழும். 'டிஸ்கவுண்ட் உச்சவரம்பால் ஒரே ஊரில் உள்ள டீலர்களுக்கிடையே விலைப்போட்டி செத்துவிட்டது, வாங்குபவர் எந்த ஷோரூமுக்குப் போனாலும் ஒரே விலைதான்' என்று எழுதினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். கஷ்டம் டீலருடையதுதான். மனுவில் பேசப்பட வேண்டியதோ சந்தைக்கு வந்த கேடு.

ஆணையம் இறுதியில் இரண்டு மீறல்களைக் கண்டது. ஒன்று, அதிகபட்ச டிஸ்கவுண்டை நிர்ணயித்து அதைக் கண்காணித்த ஏற்பாடு. இரண்டாவது, பரிந்துரைத்த ஆயில், லூப்ரிகன்டைத்தான் டீலர்கள் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை. வேறு பிராண்டு டீலர்ஷிப் எடுக்க முன்அனுமதி வேண்டும் என்ற ஷரத்தைப் பற்றிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதற்குக் கடிதம் இல்லாவிட்டால் இந்தக் குற்றச்சாட்டை நிரூபிப்பது கடினம். ஷரத்து காகிதத்தில் இருப்பது வேறு, அதைக் காட்டி ஒருவரைத் தடுத்தது வேறு.

அபராதக் கணக்கும் கவனிக்கத்தக்கது. பிரிவு 27 கடந்த 3 ஆண்டு சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை விதிக்க இடம் தருகிறது. இங்கே விதிக்கப்பட்டது 0.3 சதவீதம். அதுவும் கார் விற்பனை வருமானத்தின் மேல் மட்டும். ஒரு மாதத்துக்கு முன்புதான், 2017 மே மாதம், எக்செல் கிராப் கேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தொடர்புடைய விற்றுமுதல்' மீதுதான் அபராதம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தது.

அந்த 87 கோடியில் ஒரு ரூபாய்கூட டீலர்களுக்கு வராது. அபராதம் போவது அரசின் கஜானாவுக்கு. டீலருக்கு இழப்பீடு வேண்டுமென்றால் பிரிவு 53என்-இன் கீழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும். மீறல் நடந்தது என்ற முடிவோ, கடைசியில் சொல்லும் 48ஏ தீர்வோ கையில் இருந்தால்தான் அந்த மனுவுக்கே கால் இருக்கும்.

மேல்முறையீட்டில் என்ன நடந்தது

ஆணையத்தின் நடைமுறை இப்படி: தகவல் மனு வந்ததும் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பிரிவு 26(1)-இன் கீழ் தன் விசாரணைப் பிரிவின் தலைமை இயக்குநரை (டி.ஜி.) விசாரிக்கச் சொல்லும். டி.ஜி. அலுவலகம் ஆவணங்களைக் கேட்டு வாங்கி, வாக்குமூலம் பதிவுசெய்து அறிக்கை தரும். இரு தரப்பும் ஆட்சேபம் தெரிவிக்கும். வாதம் கேட்டுவிட்டு ஆணையம் முடிவு சொல்லும்.

ஹூண்டாய் வழக்கில் என்.சி.எல்.ஏ.டி. குறை கண்டது கடைசிப் படியில். டி.ஜி.யின் அறிக்கை என்பது விசாரணை அதிகாரியின் கருத்து. அதை ஆணையம் அப்படியே சுமந்துகொண்டுவிட்டது, கீழே இருக்கும் ஆதாரங்களைத் தானே எடுத்து அலசி முடிவுக்கு வரவில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. டிஸ்கவுண்ட் கட்டுப்பாடு நடக்கவே இல்லை என்று நிரூபணமானதால் வந்த ரத்து இல்லை இது. உத்தரவு எழுதப்பட்ட விதத்தில் இருந்த ஓட்டையில் வழக்கு ஒழுகிப்போனது.

இதை ஆணையத்தின் பிழை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. புகார்தாரரின் வழக்கறிஞர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பலரும் செய்வதில்லை. டி.ஜி. அறிக்கை நமக்குச் சாதகமாக வந்துவிட்டால் 'அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது வேறு: ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே எந்தத் தேதியிட்ட மின்னஞ்சல், யார் யாருக்கு அனுப்பியது, எந்த வாக்குமூலத்தின் எந்தப் பதில், டீலர் கணக்கில் பணம் பிடித்ததைக் காட்டும் எந்த டெபிட் நோட் என்று அட்டவணையாகப் போட்டு எழுத்துவாதமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பிரிவு 19(3)-இன் ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனித்தனியாக அதையே செய்ய வேண்டும். ஆணையம் உத்தரவு எழுதும்போது கைக்கு எட்டும் தூரத்தில் ஆதாரம் இருக்கட்டும்.

மாருதி வழக்கோடு ஒப்பிட்டால்

மாருதி சுஸுகி மீதான வழக்கு அதே குற்றச்சாட்டுதான். ஆனால் தொடங்கிய விதம் வேறு. பெயர் சொல்லாத ஒரு டீலரிடமிருந்து வந்த மின்னஞ்சலை வைத்து ஆணையமே தானாக முன்வந்து எடுத்தது. 2019-இன் தானாக எடுத்த வழக்கு எண் 1. 2021 ஆகஸ்ட் 23 அன்று 200 கோடி அபராதம். மேல்முறையீட்டில், 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி என்.சி.எல்.ஏ.டி. அதே ஆண்டு நவம்பரில் வசூலை நிறுத்திவைத்தது.

அந்த உத்தரவைப் படித்தால் ஒரு சங்கிலி கண்முன் வரும். கம்பெனி அமர்த்திய மிஸ்டரி ஷாப்பிங் ஏஜென்சி ஆள் வாடிக்கையாளர் வேஷத்தில் ஷோரூமுக்குப் போகிறார். விற்பனையாளர் அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தள்ளுபடி பேசுவதை ஆடியோ, வீடியோவில் பிடிக்கிறார். அறிக்கை கம்பெனி நிர்வாகத்துக்குப் போகிறது. அங்கிருந்து டீலருக்கு 'மிஸ்டரி ஷாப்பிங் ஆடிட் ரிப்போர்ட்' இணைத்த மின்னஞ்சல் வருகிறது, விளக்கம் கேட்டு. விளக்கம் திருப்தி இல்லையென்றால் அபராதம், டீலருக்கு மட்டுமல்ல, விற்பனையாளர், டீம் லீடர், ஷோரூம் மேனேஜர், ரீஜனல் மேனேஜர் வரை. சில நேரம் சப்ளை நிறுத்தும் மிரட்டலும் சேர்ந்து வரும். அபராதப் பணத்தை எங்கே செலுத்த வேண்டும், எதற்குச் செலவிட வேண்டும் என்பதையும் கம்பெனியே சொல்லியிருக்கிறது.

கம்பெனியின் வாதம், இது டீலர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பது. பணம் போன பாதையையும் மின்னஞ்சல்களையும் காட்டி ஆணையம் அதை நிராகரித்தது. இந்த வாதம் எல்லா வழக்கிலும் வரும், எதிர்பார்த்தே இருக்கலாம். டீலர் மீட்டிங் மினிட்ஸில் 'டீலர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தனர்' என்று எழுதிக் கையெழுத்து கேட்பது இதற்காகத்தான். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டிய நிலை என்றால், அன்றைக்கே ஏரியா மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல்: 'இன்று நீங்கள் அறிவுறுத்தியபடி மாடலுக்கு இவ்வளவு என்ற வரம்பை அமல்படுத்துகிறோம்.' குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அறிவுறுத்தியது யார் என்பது பதிவானால் போதும்.

ஒரு விதிவிலக்கு. 2021 அக்டோபரில் மெர்சிடஸ் பென்ஸ் இந்தியா கொண்டுவந்தது போன்ற ஏஜென்சி முறையில் கார் கம்பெனியின் சரக்காகவே இருக்கும். டீலர் கமிஷனுக்கு விற்றுத்தருபவர். அங்கே மறுவிற்பனையே இல்லாததால் இந்த வாதம் ஏறாது.

டீலர்ஷிப்பே பறிபோனால்

இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1956 முதலே டீலர்களுக்கென்று தனி மத்தியச் சட்டம் இருக்கிறது, மாநிலச் சட்டங்கள் வேறு. நியாயமான காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது 170 டீலர்கள், 391 ஷோரூம்கள், ஏறத்தாழ 2,000 கோடி முதலீடு என்று டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று டீலர் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. சட்டம் வரவில்லை. ஆகவே கையில் இருப்பது ஒப்பந்தமும் பொதுச் சட்டமும் மட்டுமே.

பொதுச் சட்டம் டீலருக்குக் கடுமையானது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) பிரிவு 14, தன்மையிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் வலிந்து நிறைவேற்றாது என்கிறது. அப்படி நிறைவேற்ற முடியாத ஒப்பந்தம் மீறப்படுவதைத் தடுக்கத் தடையாணையும் கிடையாது என்கிறது பிரிவு 41. இந்த இரண்டுக்கும் மேலே இந்தியன் ஆயில் – அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் தீர்ப்பு இருக்கிறது. 30 நாள் நோட்டீஸில் முறிக்கலாம் என்ற ஷரத்து இருந்த விநியோக உரிமையை நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) மீட்டுக்கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, அந்த 30 நாள் வருமான இழப்புதான் இழப்பீடு என்று முடித்தது. முறித்தது தவறாகவே இருந்தாலும் அவ்வளவுதான்.

இதன் எடையை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். நோட்டீஸ் காலம் 90 நாள், மாத நிகர லாபம் 6 லட்சம் என்றால் இழப்பீடு 18 லட்சம். முறித்த பிறகு 3.2 கோடி மதிப்புள்ள கார்கள் 5 மாதம் தேங்கின, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 13.33 லட்சம். உதிரிபாகம், சிறப்பு டூல்கள், சைன் போர்டு ஆகியவற்றைத் திரும்ப எடுப்பது பற்றி ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தால் அதன்படி. கம்பெனியின் வரைபடப்படி 5 கோடியில் கட்டிய ஷோரூம்? ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய அதைப் பெறுவது மிகக் கடினம். கிளெய்ம் மனுவில் 40 கோடி என்று எழுதுவதால் கட்டணம்தான் ஏறும். நடுவர் கட்டணமே கோரிக்கைத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுவது வழக்கம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது, ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. காரணம் சொல்லாமல் நோட்டீஸ் கொடுத்து முறிக்கும் உரிமை இருக்கிறதா, அல்லது குறையைச் சுட்டிக்காட்டி அதைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்த பிறகுதான் முறிக்க முடியுமா? இரண்டாவது மட்டும் இருந்தால் வழக்கின் நிறமே மாறும். பல டீலர்கள் காலாவதியான எல்.ஓ.ஐ.யிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ், சரிசெய்ய அவகாசம் என்ற இந்த இரண்டு பாதுகாப்பும் சந்தேகம்தான்.

நோட்டீஸ் வந்த முதல் வாரம்

விற்பனையும் கணக்கும் பதிவாகும் கம்பெனி மென்பொருளான டி.எம்.எஸ்.-இன் லாகின் எந்த நிமிடமும் துண்டிக்கப்படலாம். அதற்கு முன் இறக்கிவைக்க வேண்டியவை: 3 ஆண்டு லெட்ஜர், நிலுவையில் உள்ள ஊக்கத்தொகை, கிரெடிட் நோட் பட்டியல், நிராகரித்த வாரண்டி கிளெய்ம்கள் காரணக் குறியீட்டோடு, ஆர்டர் போடாமல் வந்த கார்களின் இன்வாய்ஸ், எந்தக் கார் எத்தனை நாளாக நிற்கிறது என்ற ஸ்டாக் ஏஜிங் பட்டியல். கடைசி இரண்டும்தான் கட்டாய டிஸ்பாட்சை நிரூபிப்பவை. ஆர்டர் தேதியும் இன்வாய்ஸ் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதக் கடைசி இரண்டு மூன்று நாளில் ஆர்டர் இல்லாத இன்வாய்ஸ் குவிந்திருந்தால் அதுவே பேசும்.

டெபிட் நோட்டுகளில் காரணம் எழுதிய வரியைத் தனியாகப் பாருங்கள். டிஸ்கவுண்டுக்காகப் பிடித்த பணம் 'மார்க்கெட்டிங் பங்களிப்பு' என்ற பெயரில் இருக்கலாம். அதற்கு முந்தைய பத்து நாளில் வந்த மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் செய்தியையும் அதோடு கோர்த்துவைத்தால்தான் அது ஆதாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதிகள் உண்டு: சாதனத்தைக் கையாளுபவர் தருவது, நிபுணர் தருவது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடான ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். சேல்ஸ் மேனேஜரின் சொந்த போனில் இருந்த செய்தி, அவர் வேலையை விட்டுப் போனதும் தொலைந்துவிடும். போனையே பாதுகாத்துவைக்க வேண்டும், ஸ்க்ரீன்ஷாட் போதாது.

பேங்க் கேரண்டியை உடனே எடுத்துப் படியுங்கள். நிபந்தனையற்றது என்றால், அப்பட்டமான மோசடி அல்லது திருத்தவே முடியாத கேடு என்பதைத் தவிர வேறு காரணத்துக்கு நீதிமன்றம் தடை தராது. கணக்கில் தகராறு இருக்கிறது என்பது காரணமாகாது.

ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தால் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் பிரிவு 9-இன் கீழ் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். டீலர்ஷிப்பைக் காப்பாற்றித் தாருங்கள் என்ற கோரிக்கை பெரும்பாலும் தள்ளுபடியாகும். நோட்டீஸ் காலம் முடியும்வரை சப்ளை, டி.எம்.எஸ். அணுகல், புக்கிங் பணம் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு டெலிவரி, கணக்குகளைக் காட்டுதல் என்று சுருக்கிக் கேட்டால் நீதிமன்றம் காது கொடுக்கும். இடைக்கால உத்தரவு கிடைத்தால் அதிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணையைத் தொடங்க வேண்டும். நடுவரைக் கம்பெனியின் எம்.டி. தனியாக நியமிப்பார் என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்புக்குப் பிறகு அது செல்லாது, பிரிவு 11-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் நியமனம் கேட்கலாம். நடுவர் ஷரத்து இல்லையென்றால் வணிக நீதிமன்றம். அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளுக்கு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 12ஏ-இன் கீழ் முன்சமரசம் கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு சொல்லிவிட்டது.

நடுவர் ஷரத்து இருப்பதால் போட்டி ஆணையத்துக்குப் போக முடியாது என்று கம்பெனி வாதிட்டால் அது நிற்காது. ஒப்பந்த உரிமை வேறு, சந்தைக் கேடு வேறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம்.

கையெழுத்தும் காலமும்

நிலுவைப் பணத்துக்கான காலவரம்பு 3 ஆண்டு. ஒவ்வொரு காலாண்டு ஊக்கத்தொகைக்கும் கடிகாரம் தனித்தனியாக ஓடும். கம்பெனி கையெழுத்திட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அந்தக் கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். அதே தாளில் 'இறுதியானது, வேறு கோரிக்கை எதுவும் இல்லை' என்ற வரி இருந்து டீலர் கையெழுத்துப் போட்டால், பழைய பாக்கி எல்லாம் அதோடு முடிந்தது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம், ஆனால் சொல்ல எத்தனை மாதம் ஆனது என்று முதல் கேள்வி வரும். அடுத்த நாளே ஆட்சேபக் கடிதம் போயிருக்க வேண்டும்.

கம்பெனியைத் திவால் சட்டத்தில் இழுத்து மிரட்டிப் பணம் வாங்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். 1 கோடிக்குக் குறைந்த பாக்கிக்கு அந்த வழியே இல்லை. அதற்கு மேல் இருந்தாலும், தொகையில் ஏற்கெனவே தகராறு இருந்ததைக் காட்டும் ஒரு மின்னஞ்சல் போதும், மனு விழுந்துவிடும். டீலர்–கம்பெனி கணக்கில் தகராறு இல்லாத வரி ஏது?

போட்டி ஆணையத்துக்கும் இப்போது காலக்கெடு உண்டு. 2023 திருத்தத்தின்படி காரணம் எழுந்த 3 ஆண்டுக்குள் தகவல் மனு தர வேண்டும், தாமதத்தைப் பொறுத்தருள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் கம்பெனி 25 சதவீதம் முன்பணம் கட்டியாக வேண்டும்.

அதே திருத்தம் இன்னொன்றையும் கொண்டுவந்தது. பிரிவு 48ஏ-இன் கீழ் கம்பெனி பணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். 48பி-இன் கீழ், இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று உறுதி கொடுத்தும் முடித்துக்கொள்ளலாம். டீலருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. முதலாவதில் முடிந்தால் 53என் இழப்பீட்டு வழி திறந்திருக்கிறது. இரண்டாவதில் முடிந்தால் அந்த வழி இல்லை. உறுதிமொழி மனு டி.ஜி. அறிக்கை வருவதற்கு முன்பே போடப்படும். ஆணையம் கருத்துக் கேட்கும்போது புகார்தாரர் சும்மா இருந்துவிடக் கூடாது: ஏற்கெனவே பிடித்த அபராதங்களைத் திருப்பித் தருவது, சாட்சி சொன்ன டீலர்களின் எல்.ஓ.ஐ.யைக் குறிப்பிட்ட காலத்துக்கு முறிக்காமல் இருப்பது ஆகிய இரண்டையும் உறுதிமொழியிலேயே சேர்க்கச் சொல்லி எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும்.